ஐந்தாவது ஆள்: பஸ் ஓட்டியவர்களே முதலாளிகளாக இருந்த கதை

கூட்டுறவுகளைப் பற்றிச் சில வருடங்களாகக் குறிப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். நோட்டுகள்தான் சேர்ந்தன, எழுத உட்காரவில்லை. உட்கார வைத்தவர் என் பெரியப்பா.

பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் தனியார் பஸ் ஓட்டியவர். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "என்னப்பா படிச்சிட்டு இருக்க?" என்று கேட்டார். பஸ் ஓட்டுறவங்களே பஸ் கம்பெனிக்குச் சொந்தக்காரங்களா இருந்த ஊர்களைப் பத்தி பெரியப்பா, என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவர் சொன்னது எனக்கு அதுவரை தெரியாத கதை.

"எண்பதுகள்ல நாங்க நாலு பேரு சேர்ந்து பெர்மிட்டோட ஒரு பழைய வண்டிய வாங்கலாம்னு பாத்தோம். ரெண்டு டிரைவரு, ரெண்டு கண்டக்டரு. பணம்கூட ஏறக்குறைய தேறிருச்சு. கிளீனர் பையன் ஒருத்தன் இருந்தான், அவனும் வர்றேன்னான். கையில காசு இல்ல, சம்பளத்துல பிடிச்சுக்கோங்கன்னான். அவனைப் பங்காளியா சேக்குறதா, சம்பளத்துக்கு வச்சுக்குறதான்னு பேச்சு வந்துச்சு. அதுலயே உடைஞ்சு போச்சு."

"நீங்க எந்தப் பக்கம் பெரியப்பா?"

"அதை எதுக்கு இப்ப கேக்குற" என்று டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

திரும்பி வந்து நோட்டுகளைப் புரட்டினேன். நான் படித்து வைத்திருந்த பெரிய வரலாறும் கடைசியில் இந்த ஐந்தாவது ஆளிடம்தான் வந்து நிற்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். இடம் இன்றைய இஸ்ரேல், அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த பாலஸ்தீனம். தொழிலாளர் கூட்டுறவு ஒன்று ஒரு நாட்டின் பொதுப் போக்குவரத்தையே பல பத்தாண்டுகள் நடத்தியது என்றால் முதலில் சொல்ல வேண்டிய உதாரணம் அதுதான்.

லாரிச் சட்டமும் மரப்பெட்டியும்

முதல் உலகப் போர் முடிந்து பிரிட்டிஷார் வந்ததும் பாலஸ்தீனத்தில் சாலைகள் பெருகின. யாஃபா-ஜெருசலேம் ரயில்பாதை 1892-லேயே வந்துவிட்டது. ஆனால் ரயில் போகாத ஊர்கள்தான் அதிகம். ஐரோப்பாவிலிருந்து யூதக் குடியேறிகள் வந்துகொண்டே இருந்தார்கள். 1909-ல் மணல்மேட்டில் தொடங்கிய டெல் அவிவ் வேகமாக நகரமாகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் காசு வைத்திருந்தவர், இல்லாவிட்டால் கடன் வாங்கியவர், ஒரு லாரிச் சட்டத்தை வாங்கி அதன்மேல் மரத்தில் பெட்டி கட்டிப் பெஞ்சு போட்டு பஸ் என்று ஓட்டினார். அவரே முதலாளி, அவரே டிரைவர்.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தமிழ்நாட்டில் பஸ் ஏறியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முன்னால் போகிற வண்டியை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்தில் ஆள் கிடைக்கும். நம்மூர் தனியார் பஸ்களின் டைமிங் சண்டை மாதிரிதான். கூட்டம் இருக்கும் வழியில் பத்து வண்டி, இல்லாத வழியில் ஒன்றுகூட இல்லை. வண்டி பழுதானால் ஒரு குடும்பத்தின் வருமானமே நின்றுபோகும். நிற்கக் கூடாது என்பதற்காகவே பழுதோடும் ஓட்டுவார்கள்.

இதில் அரசோடு மோதலும் சேர்ந்தது. ரயில் அரசாங்கத்துடையது. எரிபொருள் வரியும் உரிமக் கட்டணங்களும் தங்களை நசுக்குகின்றன என்பது ஓட்டுநர்களின் புகார். 1931-ல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அரபு ஓட்டுநர்களும் யூத ஓட்டுநர்களும் சேர்ந்தே வண்டியை நிறுத்தினார்கள் என்பது. எல்லாருக்கும் ஒரே வரி, ஒரே பெட்ரோல், ஒரே போலீஸ்காரர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

எகெட் பிறந்தது

தனித்தனியாக ஓட்டியவர்கள் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர ஆரம்பித்தது 1920-களில். ஒவ்வொருவரும் தன் வண்டியையே மூலதனமாகக் குழுவில் போட்டார். இந்தக் குழுக்களுக்கு முதுகாக நின்றது, 1920-ல் ஹைஃபாவில் தொடங்கப்பட்ட ஹிஸ்தத்ருத் என்ற யூதத் தொழிலாளர் பேரமைப்பு. 1933-ல் நான்கு கூட்டுறவுகள் இணைந்து எகெட் உருவானது. பெயர் வைத்தவர் ஹீப்ரூக் கவிஞர் ஹயீம் நஹ்மான் பியாலிக். ஒன்றாகக் கட்டியது, கட்டு என்று பொருள். நம்ம ஊரில் விறகுக் கட்டு, கீரைக் கட்டு என்று சொல்கிறோமே, அந்தக் கட்டு. டெல் அவிவ் பகுதியில் இதேபோல இரண்டு கூட்டுறவுகள் 1945-ல் சேர்ந்து டான் ஆனது. பிறகு எகெட் மற்ற ஊர்க் கூட்டுறவுகளையும் ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டது. கடைசியில் நாட்டின் பெரும்பாலான பஸ்கள் எகெட், டான் இரண்டின் கையில்தான் இருந்தன.

எப்படி நடத்தினார்கள்? உறுப்பினர் என்றால் ஒரு பங்கு, ஒரு ஓட்டு. பஸ் ஓட்டுபவர், பட்டறையில் எஞ்சின் பிரிப்பவர், டிக்கெட் கவுண்டரில் உட்காருபவர் எல்லோருக்கும் அதே ஓட்டு. நிர்வாகிகளை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள். பலர் ஸ்டியரிங் பிடித்து வந்தவர்கள். உறுப்பினர்களுக்கிடையே சம்பள வித்தியாசம் குறைவு.

இதனால் என்ன லாபம்? என் நோட்டில் நான்கு விஷயங்கள் குறித்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, வசூல் ஒரே பெட்டியில் விழுந்ததும் பந்தயம் நின்றது. முன்னால் போகும் வண்டியில் ஆள் ஏறினாலும் அது நம்ம காசுதான் என்றால் முந்தவேண்டிய அவசியம் என்ன? கால அட்டவணை என்று ஒன்று போட முடிந்தது இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, பராமரிப்பு. தனி ஆளால் பட்டறை வைக்க முடியாது, கூட்டாக முடியும். உதிரிபாகம், டயர், எரிபொருள் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கினார்கள். வண்டியில் என்ன சத்தம் வருகிறது என்று முதலில் தெரிவது டிரைவருக்கு. அதைப் போய்ச் சொன்னால் முதலாளி முகம் சுளிப்பாரே என்ற பயம் அங்கே இல்லை, ஏனென்றால் முதலாளியும் அவரே.

மூன்றாவது, லாபமில்லாத வழிகள். 1948-ல் நாடு உருவானபோது சுமார் ஆறரை லட்சமாக இருந்த யூத மக்கள்தொகை 1951-க்குள் இரண்டு மடங்கானது. வந்தவர்கள் தற்காலிகக் குடியிருப்புகளிலும் எல்லைப்புறக் கிராமங்களிலும் இருந்தார்கள். அங்கெல்லாம் பஸ் போனது. கூட்டமுள்ள தடத்தின் வருமானம் கூட்டமில்லாத தடத்துக்கு எண்ணெய் ஊற்றியது. இதைக் கூட்டுறவின் நல்ல மனசு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தடங்களை ஏறக்குறைய ஏகபோகமாகக் கொடுத்ததும் அரசுதான், கட்டணத்தை நிர்ணயித்து மானியம் தந்ததும் அரசுதான். ஆனால் அந்த ஏற்பாட்டை ஏற்று நடத்த, தொழில் தெரிந்த, நாட்டை விட்டு ஓடாத ஒரு அமைப்பு தயாராக இருந்தது.

நான்காவது, ஆபத்துக் காலம். 1936-39 அரபுக் கிளர்ச்சியின்போது பஸ் ஜன்னல்களில் கம்பிவலை ஏறியது. 1948 போரில் ஜெருசலேம் முற்றுகையில் இருந்தபோது கவசத் தகடு அடித்த வண்டிகளை ஓட்டிக்கொண்டு போனவர்களில் இந்தக் கூட்டுறவுக்காரர்களும் உண்டு. அந்தப் போரை யார் எப்படிப் பார்த்தாலும், சம்பளத்துக்கு ஓட்டுபவரிடம் எதிர்பார்க்க முடியாத ஒன்றை இவர்கள் செய்தார்கள்.

மூடிய கதவுகள்

இங்கேதான் 1931 வேலைநிறுத்தத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரே சாலையில், ஒரே வரியை எதிர்த்து நின்ற அரபு ஓட்டுநருக்கு இரண்டு வருஷம் கழித்து உருவான கூட்டுறவில் இடம் இல்லை. ஹிஸ்தத்ருத் யூதத் தொழிலாளர்களுக்கான அமைப்பு. அரபுக் குடிமக்களை முழு உறுப்பினர்களாகச் சேர்ப்பது என்று அது முடிவெடுத்தது 1959-ல்தான். கூட்டுறவின் பலன்களைப் பட்டியல் போடும் பல எழுத்துகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்குத் தாண்ட முடியவில்லை. உள்ளே எல்லோரும் சமம் என்ற அமைப்பைப் பார்க்கும்போது, உள்ளே வர யாருக்கு அனுமதி என்றும் கேட்கத்தானே வேண்டும்?

அது முதல் கதவு. இரண்டாவது கதவு மெதுவாக, சத்தமில்லாமல் மூடியது. அதற்குக் காரணம் இனம் கிடையாது, கணக்கு.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பத்து டிரைவர்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு ஒரு கூட்டுறவு தொடங்குகிறார்கள். இருபது வருஷத்தில் பஸ், பட்டறை, நிலம் எல்லாம் சேர்ந்து சொத்து பத்து லட்சமாகிறது. ஆளுக்கு ஒரு லட்சம். இப்போது பதினொன்றாவது டிரைவர் தேவை. அவரை ஆயிரம் ரூபாய்க்குச் சேர்த்தால், இருபது வருஷம் உழைத்தவர்களின் சொத்தில் அவருக்கு இலவசப் பங்கு. பழையவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு லட்சம் கேட்டால் அவரால் கொடுக்க முடியாது, அவர் டிரைவர்தானே. மூன்றாவது வழி சுலபமானது: "சம்பளத்துக்கு வாப்பா." அவர் ஓட்டும் பஸ்ஸில் வரும் லாபம் பத்துப் பேருக்குப் போகும். ஒரு உறுப்பினர் ஓய்வு பெற்றால் அவர் இடத்தில் இன்னொரு சம்பளக்காரர். இப்படியே போனால் உறுப்பினர்கள் குறைந்துகொண்டும் சம்பளக்காரர்கள் கூடிக்கொண்டும் போவார்கள்.

இதில் யாரும் கெட்டவர் இல்லை, கவனியுங்கள். ஒவ்வொரு முடிவும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான்.

எகெட்டிலும் டானிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. உறுப்பினர் பங்கு விலை உயர்ந்தது. எகெட் உறுப்பினர் என்றால் வசதியான ஆள் என்று ஊரில் பெயராயிற்று. பக்கத்து பஸ்ஸில் அதே சீருடையில் ஓட்டிய இன்னொருவருக்கு ஓட்டும் கிடையாது, பங்கும் கிடையாது. சம்பளத்துக்கு இருப்பவர்களை உறுப்பினராக்குங்கள் என்று ஹிஸ்தத்ருத் நெருக்கிக்கொண்டே இருந்தது. பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கூட்டுறவுக்குள்ளேயே முதலாளி, தொழிலாளி என்று இரண்டு ஜாதி உருவாகிவிட்டது.

1896-ல் எழுதப்பட்ட ஜாதகம்

எனக்கு இதில் மிகவும் பிடித்த, கொஞ்சம் திகைக்கவும் வைத்த பகுதி இது. ஃப்ரான்ஸ் ஓப்பன்ஹைமர் என்று ஒரு ஜெர்மானியர். பெர்லினில் மருத்துவராக இருந்து, பிறகு சமூகவியலுக்கும் பொருளாதாரத்துக்கும் வந்தவர். 1896-ல் வெளியான தன் புத்தகத்தில், தொழிலாளர்களே நடத்தும் உற்பத்திக் கூட்டுறவுகளுக்கு ஒரு விதி சொன்னார். உருமாற்ற விதி என்று அதற்குப் பெயர். பெரும்பாலானவை தோற்றுப்போகும். தோற்காமல் ஜெயிப்பவை கதவை மூடிக்கொண்டு சாதாரணக் கம்பெனிகளாக மாறிவிடும்.

காரணமும் சொன்னார். கூட்டுறவுப் பண்டகசாலையில் புது உறுப்பினர் வந்தால் எல்லோருக்கும் லாபம், மொத்தக் கொள்முதல் கூடும், விலை குறையும். அதனால் அதன் கதவு திறந்தே இருக்கும். பொருளையோ சேவையையோ விற்றுப் பிழைக்கும் கூட்டுறவில் புது ஆள் என்றால் லாபத்தைப் பங்குபோட இன்னொருவர். அதனால் கதவை மூடத்தான் தோன்றும்.

இதே ஓப்பன்ஹைமரின் திட்டப்படிதான் 1911-ல் பாலஸ்தீனத்தில் மெர்ஹாவியா என்ற கூட்டுறவுக் குடியிருப்பு தொடங்கப்பட்டது. அது அந்த வடிவத்தில் நிலைக்கவில்லை. ஆனால் அவருடைய விதி அதே மண்ணில், அவர் யோசித்தே பார்த்திராத பஸ் டிப்போக்களில் பலித்தது. 1984-ல் அவ்னர் பென்-நெர் என்ற பொருளாதார அறிஞர், ஜெயிக்கும் கூட்டுறவில் உறுப்பினர்களுக்குச் சம்பளக்காரர்களை வைப்பதே லாபம் என்பதைக் கணித முறைப்படி விளக்கினார். என் பெரியப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் டீக்கடையில் ஒரு சாயங்காலத்தில் கண்டுபிடித்ததும் அதுதான்.

முடிவை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-களின் கடைசியிலிருந்து அரசு தடங்களை டெண்டருக்கு விட்டு, புதிய கம்பெனிகளை உள்ளே கொண்டுவந்தது. டான் 2002-ல் கூட்டுறவு என்பதிலிருந்து கம்பெனியாக மாறியது. எகெட்டும் பின்னால் அதே வழியில் போனது. 2022-ல் கீஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் எகெட்டின் 60 சதவீதப் பங்கை வாங்கியது. பங்கு வைத்திருந்த உறுப்பினர்களுக்குப் பணம் வந்தது. பஸ்ஸை நிஜமாகவே ஓட்டிக்கொண்டிருந்த சம்பளக்காரர்களுக்கு மாறியது முதலாளியின் பெயர்தான்.

இன்னும் இரண்டு ஊர்கள்

இஸ்ரேலின் தனிக்கதையோ இது என்று சந்தேகம் வரலாம். பிரிட்டனைப் பாருங்கள். தாட்சர் அரசு 1985 சட்டத்தின்கீழ் தேசிய பஸ் நிறுவனத்தை 72 துண்டுகளாக விற்றது. பலவற்றை மேலாளர்கள் வாங்கினார்கள். தெற்கே கோஸ்போர்ட், ஃபேர்ஹாம் பகுதியில் ஓடிய புரவின்ஷியல் நிறுவனத்தை மட்டும் 1987-ல் ஊழியர்களே சேர்ந்து வாங்கி, மக்களின் புரவின்ஷியல் என்று பெயர் வைத்தார்கள். நன்றாகத்தான் ஓட்டினார்கள். 1995-ல் ஃபர்ஸ்ட்பஸ் என்ற பெரிய குழுமம் விலை சொன்னது, விற்றுவிட்டார்கள். எட்டே வருஷம். விற்கக் கூடிய பங்கு கையில் இருந்தால், நல்ல விலை வரும் நாளில் ஒரு தொழிலாளிக் குடும்பம் வேறு என்ன முடிவெடுக்கும்?

இலங்கையில் நடந்தது இதன் மறுபக்கம். பிரேமதாச ஆட்சியில், 1990-களின் தொடக்கத்தில், அரசு பஸ் டிப்போக்களைத் தனித்தனிக் கம்பெனிகளாக்கி, பங்குகளில் பாதியை ஊழியர்களுக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். மக்கள்மயப்படுத்தல் என்று பெயர். பங்கு வந்தது, ஆனால் கட்டணத்தையோ தடத்தையோ புது வண்டி வாங்குவதையோ தீர்மானிக்கும் அதிகாரமும் மூலதனமும் கூட வரவில்லை. கம்பெனிகளை மறுபடி ஒன்றுசேர்த்து, 2005-ல் இலங்கைப் போக்குவரத்துச் சபையாகத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஐந்தாவது ஆளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் இடத்துக்கே அங்கே யாரும் வரவில்லை.

அப்போ வேண்டாமா?

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எகெட் கொடுத்த பலன்கள் நிஜம். சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒற்றை வண்டிக்காரர்களை வைத்து ஒரு நாட்டுக்கே பஸ் சேவை கட்டினார்கள். பலன் எவ்வளவு நாள் நிற்கும் என்பது ஒரு விதியைப் பொறுத்தது: புது ஆள் எப்படி உள்ளே வருவார்?

அமெரிக்காவின் மேடிசன் நகரில் ஒரு டாக்ஸி கம்பெனி வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மூடப்பட்டபோது, ஓட்டுநர்கள் சேர்ந்து 1979-ல் யூனியன் கேப் என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். அங்கே சோதனைக் காலம் முடித்தால் வேலை செய்பவர் உறுப்பினர். சம்பளக்காரர் என்று ஒரு தனி ஜாதி கிடையாது. ஸ்பெயினின் மொந்த்ரகோன் கூட்டுறவுகளில் சேர்பவர் ஒரு தொகை கட்ட வேண்டும், ஆனால் அதைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம். இத்தாலியில் 1947-ல் வந்த பசேவி சட்டம், கூட்டுறவின் சேமநிதியை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது என்று பூட்டுப் போட்டது. கூட்டுறவைக் கலைத்தாலும் அந்தச் சொத்து பொதுக் காரியத்துக்குத்தான் போகும். அப்படியானால் விற்பதில் லாபம் இல்லை, புது ஆளைச் சேர்ப்பதில் நஷ்டமும் பெரிதாக இல்லை. நம் கற்பனைக் கணக்கில் அந்தப் பத்து லட்சத்தை யாரும் தொட முடியாது என்று வைத்துப் பாருங்கள், பதினொன்றாவது ஆள் ஆயிரம் ரூபாயோடு உள்ளே வந்துவிடலாம்.

இதிலும் சிக்கல் உண்டு. பிரிக்க முடியாத சொத்துக்காக இன்றைக்கு வயிற்றைக் கட்டுவானேன் என்று உறுப்பினர்கள் நினைக்கலாம், முதலீடு குறையலாம். அதற்கும் பொருளாதாரத்தில் விவாதங்கள் இருக்கின்றன, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இதை எழுதி முடித்துவிட்டுப் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் மொந்த்ரகோன் ஏற்பாட்டைச் சொன்னேன்.

"அந்தப் பையன் கேட்டது அதானேப்பா" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான்தான் வேணாம்னேன்" என்றார்.